கல்லீரல் சுருக்கமுள்ள அப்பாவுக்கு ஆன்டிபயாடிக்: ஒன்றை நிறுத்தி, மற்றொன்றை முழு அளவில் தொடரச் சொன்னது ஏன்?

கேள்வி: கோத்தகிரி மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 63 வயது. கோத்தகிரியை அடுத்த எங்கள் ஹட்டியில் (மலைச் சிற்றூரில்) ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறார். வாழ்நாளில் மது தொட்டவர் இல்லை. இருபது ஆண்டுகளாக உள்ள சர்க்கரை நோயும் கல்லீரலில் படிந்த கொழுப்பும் சேர்ந்துதான் அவரைக் கல்லீரல் சுருக்க நோயில் கொண்டுவந்து விட்டன என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கோவையில் சொன்னார்கள். வயிற்றில் நீர் கோர்ப்பதால் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையும், மலம் இளகிப் போவதற்கு லாக்டுலோஸ் மருந்தும் அன்றாடம் எடுத்துக்கொள்கிறார்.

சென்ற மாதம் கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டித் தாடை வீங்கிவிட்டது. நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் தனியாகவே பக்கத்தில் ஒரு மருத்துவரிடம் காட்டிவிட்டு வந்தார். கல்லீரலைப் பற்றி அவரும் சொல்லவில்லை, அங்கேயும் யாரும் கேட்கவில்லை. கோவை மருத்துவமனைக் கோப்பு வீட்டுப் பரணில் இருந்தது. அமாக்சிசிலின் 500 மில்லிகிராம் மூன்று வேளை, மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம் மூன்று வேளை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள், வாயில் இரும்பைச் சப்பியது போலிருக்கிறது என்றார். ஐந்தாம் நாள் கொழுந்து எடை போட்ட சீட்டில் கையெழுத்திட்டபோது, நாற்பது ஆண்டுகளாக ஒரே மாதிரி போட்டுவரும் கையெழுத்து முதல் எழுத்திலேயே கோணி, சீட்டின் ஓரத்தைத் தாண்டிப் போயிற்று. அன்றிரவு எட்டு மணிக்கு, மழை பெய்து கொண்டிருக்கும்போது, கொழுந்து பறிக்க ஆள் வந்துவிட்டார்களா என்று கேட்டார். உடனே வண்டி பிடித்துக் கோவைக்கு இறங்கினோம். அங்கே மெட்ரோனிடசோலை நிறுத்தினார்கள், சீழை வடித்தார்கள், லாக்டுலோஸைக் கூட்டினார்கள். ஆனால் அமாக்சிசிலினை மட்டும் குறைக்காமல் முழு அளவில் முடிக்கச் சொன்னார்கள். மூன்று நாளில் தெளிந்து விட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்குப் பயம் தாளவில்லை. கல்லீரல்தான் மருந்துகளை உடைக்கிறது என்றால் அமாக்சிசிலினும் அவர் உடம்பில் தேங்காதா என்று எண்ணி, மூன்று வேளையை இரண்டு வேளையாக்கி இரண்டு நாள் கொடுத்துவிட்டேன். பிறகு மனம் கேட்காமல் பழையபடி மாற்றினேன். நான் செய்தது சரியா? ஒரே உறுப்பு பழுதாகியிருக்கும்போது ஒரு மருந்து ஆபத்தாகவும் இன்னொன்று பாதுகாப்பாகவும் இருப்பது எப்படி? அறிந்தவர்கள் விளக்கினால் அடுத்த முறை தவறு செய்யாமல் இருப்பேன்.

மறுமொழி 1: மருந்தியல் மருத்துவர், குன்னூர்

வணக்கம் அம்மா. அந்தக் கையெழுத்தைக் கவனித்ததும், இரவென்று பாராமல் இறங்கியதும் உங்கள் அப்பாவைக் காத்தன என்றே சொல்வேன். கேள்விக்கு வருகிறேன்.

கல்லீரல் எல்லா மருந்துகளையும் உடைப்பதில்லை என்பதுதான் முதலில் மனத்தில் பதிய வேண்டியது. சீசனில் நம் மலைக்கு வரும் வண்டிகளைப் பர்லியாறு வழியாக ஏறவிட்டுக் கோத்தகிரி வழியாக இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். மருந்துகளுக்கும் அப்படி உடம்பை விட்டு வெளியேறும் சாலைகள் உண்டு. சில மருந்துகள் மாறாமல் சிறுநீரகத்தின் வழியே போய்விடுகின்றன. சில கல்லீரலில் உருமாறிய பிறகே போக முடியும். சில பித்தநீரோடு குடலில் இறங்குகின்றன. இரண்டு சாலைகளையும் பயன்படுத்துபவையும் உண்டு. ஆகவே ஒரு மருந்தைப் பார்க்கும்போது நாங்கள் கேட்பது, அது எந்தச் சாலையில் இறங்குகிறது, அந்தச் சாலை இந்த நோயாளியிடம் திறந்திருக்கிறதா என்பதையே.

அமாக்சிசிலின் சிறுநீரகச் சாலையில் போவது. விழுங்கிய மருந்தில் சுமார் 60 விழுக்காடு ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் உருமாறாமலே சிறுநீரில் வந்துவிடுகிறது. சிறுநீரகம் நன்றாக இருக்கும் ஒருவரின் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஆகிறது. உங்கள் அப்பாவின் சிறுநீரகம் வேலை செய்யும் வரை, கல்லீரல் சுருங்கியிருக்கிறது என்பதற்காக அதைக் குறைக்கத் தேவையில்லை. நீங்கள் இரண்டு நாள் குறைத்தது கல்லீரலுக்கு எந்த நன்மையும் செய்திருக்காது, தாடையில் இருந்த கிருமிக்குத்தான் இடைவெளி கொடுத்திருக்கும். இந்த வகை மருந்து, கிருமியைக் கொல்லும் அளவுக்கு மேலே எத்தனை மணி நேரம் ரத்தத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே வேலை செய்கிறது. ஒரு வேளையை விடும்போது அந்த நேரம்தான் அறுபடுகிறது. சீழை வடித்துவிட்டிருந்ததால் பெரிய பாதிப்பு வந்திருக்காது, வருந்த வேண்டாம்.

மெட்ரோனிடசோல் நேர்மாறானது. அதைக் கல்லீரல் உருமாற்றியாக வேண்டும். நல்ல கல்லீரல் உள்ளவரிடமே அது பாதியாகக் குறைய எட்டு மணி நேரம் ஆகும். கடுமையான கல்லீரல் சுருக்கத்தில், அதே அளவு மருந்துக்கு உடம்பு 24 மணி நேரத்தில் சந்திக்கும் மொத்த அளவு இரு மடங்கைச் சற்றுத் தாண்டிவிடுகிறது. லேசான நிலையிலும் நடுத்தர நிலையிலுங்கூட அது ஒன்றரை மடங்காகிறது. கடுமையான நிலையில் பாதி அளவே கொடுக்க வேண்டும் என்பது இதனால்தான். இந்த மருந்து மூளைக்குள்ளும் எளிதில் போகும். அளவு மிஞ்சும்போது தள்ளாட்டம், நாக்குழறல், குழப்பம் ஆகியவை வரலாம். வாயில் இரும்புச் சுவை மட்டும் சரியான அளவிலும் பலருக்கு வரும், அதை வைத்து மருந்து தேங்கிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

ஆயினும், குழப்பம் முழுவதையும் மாத்திரையின் தலையில் போடுவது நியாயமாகாது. கல்லீரல் சுருங்கியவருக்கு உடலில் எங்கே சீழ் கட்டினாலும், அந்தத் தொற்றே மூளைக் குழப்பத்தைத் தூண்டும். தாடை வலியால் சாப்பிடாமல், மலம் கட்டிக் குடலின் நச்சு தேங்கியிருந்தாலும் தூண்டும். கோவையில் மருந்தை நிறுத்தி, சீழை வடித்து, லாக்டுலோஸைக் கூட்டி, மூன்றையும் ஒருங்கே கவனித்தது அதனால்தான்.

சுருங்கிய கல்லீரலில் நடப்பது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். குடலிலிருந்து வரும் ரத்தம் வாயிற்சிரை வழியாகக் கல்லீரலுக்குள் நுழைய வேண்டும். தழும்பேறிய கல்லீரல் அதற்கு வழிவிடாதபோது, ரத்தம் உணவுக்குழாயைச் சுற்றியுள்ள நாளங்கள் வழியாகக் கல்லீரலைத் தொடாமலே பொது ஓட்டத்தில் சேர்ந்துவிடுகிறது. விழுங்கிய மருந்து முதல் சுற்றிலேயே கல்லீரலில் கழிபட வேண்டியதாக இருந்தால், இப்படிச் சுற்றி வரும்போது அதன் பெரும்பகுதி அப்படியே தப்பிவிடும். உள்ளே போகும் ரத்தத்துக்கும் முன்பிருந்த அளவு நொதிகள் இல்லை. மருந்தை ஆக்சிஜனேற்றம் செய்யும் நொதிகள் முதலில் குறைகின்றன. மருந்தோடு சர்க்கரை அமிலத்தை ஒட்டி அனுப்பும் வேலை நெடுநாள் தாக்குப்பிடிக்கிறது. ரத்தத்தில் மருந்தைச் சுமந்து செல்லும் அல்புமினைக் கல்லீரல் குறைவாகவே செய்கிறது. அதனால் செஃப்ட்ரியாக்சோன் போல 85 முதல் 95 விழுக்காடு வரை அல்புமினோடு ஒட்டியிருக்கும் மருந்தில் ஒட்டாத பங்கு கூடிவிடுகிறது.

செஃப்ட்ரியாக்சோன் இரண்டு சாலைகளிலும் செல்வது. ஒரு பகுதி சிறுநீரிலும் மீதி பித்தநீரிலும் போகிறது. கல்லீரல் மட்டும் பழுதானால் சிறுநீரகமும், சிறுநீரகம் மட்டும் பழுதானால் பித்தநீரும் அதை ஏற்றுக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து பழுதானால்தான் ஒரு நாளைக்கு 2 கிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டுகிறோம்.

மறுமொழி 2: வார்டு செவிலியர், உதகை

ஐயா விளக்கியதோடு, படுக்கையருகே நான் கண்ட சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

சிறுநீரகம் வேலை செய்யும் வரை என்று ஐயா சொன்னாரே, அந்தச் சொல்லில்தான் எங்கள் வேலை முழுவதும் இருக்கிறது. வயிற்றில் நீர் கோர்த்த கல்லீரல் நோயாளிக்குச் சிறுநீரகம் நூலில் தொங்குவது போலத்தான். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, நீர் மாத்திரை சற்று அதிகம், வலிக்குக் கடையில் வாங்கிப் போட்ட டைக்ளோஃபெனாக், இவற்றில் ஏதாவது ஒன்று போதும், அது சுணங்கிவிடும். ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகளைக் கல்லீரல் உடைப்பதே இல்லை. இருந்தும் இந்த நோயாளிகளுக்குக் கூடியவரை அவற்றைத் தவிர்ப்பது சிறுநீரகத்துக்காகவே. ரத்தப் பரிசோதனைத் தாளில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 0.8 என்று பார்த்து நிம்மதி கொள்ளவும் முடியாது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தோளும் தொடையும் வற்றி, வயிறு மட்டும் முன்னே நிற்கும் நோயாளியிடம் தசையே குறைவு என்பதால், சிறுநீரகம் பாதி நின்ற பிறகும் அந்த எண் நல்லதாகவே காட்டக்கூடும். எத்தனை முறை சிறுநீர் போகிறார், எவ்வளவு போகிறார் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து, அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று, தொற்று கடுமையாக இருக்கும்போது முதல் வேளை மருந்தை ஒருபோதும் குறைக்கக் கூடாது. வயிற்றிலும் காலிலும் பல லிட்டர் நீர் கோர்த்திருக்கும் உடம்பில், நீரில் கரையும் மருந்து அந்த நீரிலெல்லாம் பரவி நீர்த்துவிடும். குறைப்பது அடுத்தடுத்த வேளைகளில்தான், அதுவும் மருந்தைப் பார்த்து.

வயிற்றில் நீர் உள்ளவருக்குக் காய்ச்சலோ, வயிற்று வலியோ, காரணமில்லாத குழப்பமோ வந்தால், வீட்டில் இருக்கும் பழைய ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துப் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வயிற்று நீரில் தானாகவே தொற்று உண்டாவது இந்த நோயில் அடிக்கடி நடப்பது. ஊசியால் சிறிது நீர் எடுத்து எண்ணும்போது, ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் 250 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே சிகிச்சை தொடங்க வேண்டும். அதற்குச் செஃப்ட்ரியாக்சோன் அல்லது செஃபோடாக்சிம் ஊசி போடுகிறார்கள், சிறுநீரகத்தைக் காக்க அல்புமினும் ஏற்றுகிறார்கள். முன்னதாகவே வீட்டில் நான்கு மாத்திரை விழுங்கியிருந்தால், வளர்ப்புச் சோதனையில் எந்தக் கிருமி என்று தெரியாமலே போய்விடும். பனி இறங்கிவிட்டது, காலையில் போகலாம் என்று மலையில் இருப்பவர்கள் எண்ணுவது இயல்பு. அந்த ஓர் இரவில் நிலைமை கைமீறிப் போனவர்களைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன்.

குழப்பம் தொடங்குகிறதா என்பதை நீங்களே பார்க்க ஒரு வழி உண்டு. பேருந்தை நிறுத்தக் கை காட்டுவது போல இரு கைகளையும் நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொல்லுங்கள். கை ஒரு கணம் விழுந்து விழுந்து எழுமானால் தாமதிக்காதீர்கள். அந்தக் கையெழுத்தும் நல்ல அடையாளமே. தினமும் ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொல்லித் தேதியிட்டு வைத்தால், முந்தைய நாளோடு ஒப்பிடலாம்.

மறுமொழி 3: காசநோய்க் களப்பணியாளர், கூடலூர்

வணக்கம். மேலே பேசப்பட்டவற்றோடு கலந்துவிடக் கூடாத வேறொரு கேள்வியும் இருக்கிறது. ஒரு மருந்தைக் கல்லீரல் கையாள முடியுமா என்பது ஒன்று, அந்த மருந்து கல்லீரலையே காயப்படுத்துமா என்பது மற்றொன்று. நான் அன்றாடம் பார்ப்பது இரண்டாவதை.

காசநோய்க்கான முதல்நிலை மருந்துகளில் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் கல்லீரலை வீங்கச் செய்யக்கூடியவை. எத்தாம்புட்டாலுக்கு அந்தத் தொல்லை இல்லை எனலாம். நல்ல கல்லீரல் உள்ளவரிடமே, ரத்தத்தில் கல்லீரல் நொதி அளவு இயல்பின் உச்சவரம்பைப் போல மூன்று மடங்காகி வாந்தி, பசியின்மை, மஞ்சள் காமாலை போன்ற அறிகுறிகளும் இருந்தாலோ, அறிகுறி இல்லாமலே ஐந்து மடங்கைத் தாண்டினாலோ அந்த மருந்துகளை நிறுத்துகிறார்கள். ஏற்கெனவே கல்லீரல் சுருங்கியவருக்குக் காசநோய் வந்தால் மருந்துக் கூட்டையே மாற்றி அமைப்பார்கள். முதலில் விலக்கப்படுவது பெரும்பாலும் பைரசினமைடு, லெவோஃப்ளாக்சசின் போன்ற சிறுநீரக வழி மருந்து சேர்க்கப்படுவதுண்டு. இது மருத்துவர் மட்டுமே எடுக்க வேண்டிய முடிவு. எத்தனை வீடுகளில் காமாலை என்றதும் மாத்திரைகளை அலமாரியில் வைத்துவிட்டு நாட்டு மருந்துக்குப் போய்விடுகிறார்கள், அங்கே காசநோயும் வளர்கிறது.

அமாக்சிசிலினோடு கிளாவுலனேட் சேர்ந்து வரும் மாத்திரை வேறு, உங்கள் அப்பா எடுத்த தனி அமாக்சிசிலின் வேறு. சேர்ந்து வருவது சிலருக்கு, குறிப்பாக வயதான ஆண்களுக்கு, பித்தநீர் தேங்கும் வகைக் காமாலையை உண்டாக்கும். மாத்திரை முடித்து சில வாரங்கள் கழித்தும் அது வரக்கூடும் என்பதால், யாரும் அந்த மாத்திரையை நினைவுபடுத்திச் சொல்வதில்லை. இது எல்லோருக்கும் வருவதன்று. ஆனால் ஒருமுறை வந்தவர் அந்த மாத்திரையை மறுபடி எடுக்கவே கூடாது.

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. புதர்களில் இருக்கும் சிறு உண்ணிகளால் பரவும் ஸ்கிரப் டைஃபஸ் காய்ச்சல் நம் மலைப்பகுதிகளில் உண்டு. அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட்டால் சுட்டது போன்ற கருநிறப் பொருக்கு தெரியும், சிலருக்குத் தெரியாமலும் போகும். அந்தக் காய்ச்சலே கல்லீரல் நொதிகளை ஏற்றிவிடும். கல்லீரல் அறிக்கை மோசமாக இருக்கிறதே என்று அதற்குரிய மருந்தான டாக்சிசைக்ளினைத் தள்ளிப்போட்டால் கேடு நேரும். அந்த மருந்து குடல் வழியாகவும் சிறுநீரகம் வழியாகவும் வெளியேறுவது. மாற்றாக அசித்ரோமைசினும் உண்டு. அதற்குப் பித்தநீர்ச் சாலைதான் பிரதானம் என்பதால் எதைத் தேர்வது என்பது மருத்துவர் நோயாளியைப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

கேட்டவர்: கோத்தகிரி மகள்

உங்கள் மூவருக்கும் என் நன்றி. பரணிலிருந்து கோப்பை இறக்கிவிட்டேன். கோவையில் எடுத்த அறிக்கையில் பிலிருபின் 2.6, அல்புமின் 2.7, ரத்தம் உறைவதைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.8 என்று இருக்கிறது. எஸ்.ஜி.பி.டி. 38 மட்டுமே, அது நன்றாக இருக்கிறது என்று நினைத்துத்தான் இத்தனை நாள் ஆறுதலாக இருந்தேன். அப்பாவின் கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்று இதிலிருந்து தெரியுமா? அடுத்த மாதம் அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்கிறார்கள். அதற்கு என்ன கவனிக்க வேண்டும்?

மறுமொழி 4: மருந்தியல் மருத்துவர், குன்னூர்

எஸ்.ஜி.பி.டி. என்பது கல்லீரல் உயிரணுக்கள் இப்போது உடைந்துகொண்டிருக்கின்றனவா என்று சொல்லும் எண். எத்தனை உயிரணுக்கள் மிஞ்சியிருக்கின்றன, அவை வேலை செய்கின்றனவா என்று அது சொல்லாது. தீ அணைந்த காட்டில் புகை இல்லாதது போல, முற்றிய சுருக்கத்தில் அது இயல்பாகவே இருக்கும். சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின் இருப்பது போல, கல்லீரல் ஒரு மருந்தை எவ்வளவு கழிக்கும் என்று அளந்து சொல்லும் ஒற்றைச் சோதனை கிடையாது. ஆகவே கல்லீரல் நோயின் கடுமையை அளக்கும் சைல்டு பக் மதிப்பெண்ணைப் பயன்படுத்துகிறோம். 1964-இல் சைல்டும் டர்காட்டும் அறுவை சிகிச்சையின் ஆபத்தைக் கணிக்க வகுத்ததை, 1973-இல் பக்கும் உடன் பணியாற்றியவர்களும் திருத்தினார்கள். மருந்தளவுக்காகப் பிறந்ததன்று என்றாலும், மருந்துத் தாள்கள் இதைத்தான் குறிப்பிடுகின்றன.

உங்கள் எண்களுக்குக் கணக்கிடுவோம். பிலிருபின் 2-க்கும் 3-க்கும் இடையே இருப்பதால் 2 மதிப்பெண். அல்புமின் 2.8-க்குக் கீழே என்பதால் 3. ஐ.என்.ஆர். 1.7-க்கும் 2.3-க்கும் இடையே என்பதால் 2. வயிற்று நீர் மாத்திரையில் கட்டுப்பட்டிருப்பதாகக் கொண்டால் 2. அன்றிருந்த லேசான குழப்பத்துக்கு 2. ஆக 11. இப்போது தெளிவாக இருப்பதால் கடைசியில் 1 மட்டும் சேர்த்தாலும் 10. பத்தும் அதற்கு மேலும் சி பிரிவு, அதாவது கடுமையான நிலை. மெட்ரோனிடசோலைப் பாதியாக்க வேண்டும் என்று நான் மேலே சொன்னது இந்தப் பிரிவைத்தான். முதலில் பார்த்த மருத்துவரின் கையில் இந்த ஒரு தாள் இருந்திருந்தால் அந்தச் சீட்டே வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். மூன்று எண்களையும், அன்றாடம் எடுக்கும் மருந்துகளையும், மெட்ரோனிடசோலில் வந்த தொல்லையையும் ஓர் அட்டையில் எழுதி, அப்பாவின் சட்டைப் பையில் ஆதார் அட்டையோடு வைத்துவிடுங்கள்.

பல் பிடுங்குவதற்கு ஒரு வாரத்துக்குள் ஐ.என்.ஆரும் தட்டணு எண்ணிக்கையும் புதிதாக எடுத்துக் கல்லீரல் மருத்துவரிடம் காட்டி, அவர் எழுதிக் கொடுக்கும் கடிதத்தோடு பல் மருத்துவரிடம் போங்கள். ரத்தம் கசிவதுதான் அங்கே முதல் கவலை, தையல் போடும் வசதியுள்ள இடமாக இருக்கட்டும். ஆன்டிபயாடிக் தேவையா, எது என்பதை அவர்கள் இருவரும் பேசி முடிவு செய்யட்டும். எழுதிக் கொடுத்த பிறகு நீங்களாகக் குறைக்காதீர்கள், சந்தேகம் வந்தால் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும், ஒரு நாளைக்கு மொத்தம் 2 கிராமுக்குள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் இரண்டும் வீட்டில் இருந்தால் எடுத்து அப்புறப்படுத்துங்கள். பிடுங்கும் அன்று காலையில் லாக்டுலோஸை விட்டுவிட வேண்டாம். வாய் வலியென்று இரண்டு நாள் கஞ்சி மட்டும் குடிப்பார், அப்போதுதான் மலம் கட்டும்.